சிஸ்டரைக் கேளுங்கள்: கழுத்தில் பட்ட கை

போன மாதம் பக்கவாதம் பற்றி எழுதும்போது, சின்ன வயதுக்காரர்களுக்கு அது வரும் காரணங்களில் ஒன்றாக 'கழுத்து நெரிபடுதல்' என்று ஒரு வரி போட்டிருந்தேன். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் இரண்டு பக்கம் செலவழித்தேன், அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மட்டும் தனிக் கட்டாக மேசையில் கிடக்கின்றன. அதனால் இந்த மாதம் மூட்டுவலிக்காரர்கள் மன்னிக்கவும். எழுதியவர்களின் ஊர், உறவு போன்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். மாமா குடித்தால் அடிப்பார், அது ஊருக்கே தெரியும். ஆடி மாதம் ஒரு நாள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியிருக்கிறார். இரண்டு நாள் அக்காவுக்குக் குரல் கம்மியிருந்தது. வெளியே காயம் இல்லை. "பெல்ட்டால அடிச்சப்ப ரத்தம் வந்துச்சு, அதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்கிறாள். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
— தங்கை, பெயர் வேண்டாம்

இல்லைம்மா. உங்கள் வீட்டில் சரியாகக் கணக்குப் போட்டிருப்பது நீங்கள் ஒருத்திதான்.

ரத்தம் வந்தால் பெரிய அடி, வராவிட்டால் சின்ன அடி என்பது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் கணக்கு. அரசு மருத்துவமனைகளில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். அதில் பாதிக்குமேல் கேஷுவாலிட்டியிலும் தீக்காய வார்டிலும் போனது. கழுத்து விஷயத்தில் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். மூளைக்கு ரத்தம் போகும் குழாய்கள் கழுத்தின் இரண்டு பக்கமும் மேலாகத்தான் ஓடுகின்றன. அழுத்தம் சரியான இடத்தில் விழுந்தால் பத்து நொடிக்குள் நினைவு தப்பும். இன்னும் சில நிமிடம் பிடித்தால் உயிர் போய்விடும். இதற்குப் பெரிய பலமும் வேண்டாம், ஆயுதமும் வேண்டாம். அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்தில் போலீசுக்கு வந்த 300 கழுத்து நெரிப்புப் புகார்களை எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குக் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. மீதியிலும் பலருக்குப் போட்டோவில் விழாத அளவுக்குத்தான் இருந்தது. அதனால் "காயம் இல்லை" என்பதை வைத்து மனசைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு ஆராய்ச்சி 2008-ல் வந்தது, நான்சி கிளாஸ் என்ற நர்ஸும் அவருடைய குழுவினரும் செய்தது. கணவனோ காதலனோ கொன்றுவிட்ட பெண்களையும், அடி வாங்கி உயிரோடு இருக்கும் பெண்களையும் ஒப்பிட்டார்கள். முன்பு ஒருமுறையாவது கழுத்து நெரிபட்டவர்கள் பிறகு கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் இருந்தது. அடியே வாங்காத பெண்களோடு வைத்துப் பார்த்த ஏழு மடங்கு இல்லை இது. அடி வாங்குகிறவர்களுக்குள்ளேயே ஏழு மடங்கு.

இந்தத் துறையில் பெரிய வேலை செய்தவர்களில் பலர் நர்ஸுகள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை. ஜாக்குலின் கேம்பல் நர்ஸ்தான். 1985-ல் அவர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். இன்று அதில் 20 கேள்விகள். அடி அதிகமாகிக்கொண்டே போகிறதா, ஆயுதத்தைக் காட்டினானா, கொன்றுவிடுவேன் என்றானா, கழுத்தை நெரித்தானா, கட்டாயப்படுத்தி உறவு கொள்கிறானா, கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா, எங்கே போகிறாய் யாரிடம் பேசுகிறாய் என்று ஒவ்வொன்றையும் கட்டுப்படுத்துகிறானா, வேவு பார்க்கிறானா, வேலையில்லாமல் இருக்கிறானா, வீட்டில் அவனுக்குப் பிறக்காத பிள்ளை உண்டா, செத்துப்போவேன் என்று மிரட்டுகிறானா... இப்படிப் போகும்.

அந்தக் கேள்விகளுக்கு முன்னால் ஒரு காலண்டரைக் கையில் கொடுத்து, போன ஒரு வருஷத்தில் எந்தெந்த நாள் அடி விழுந்தது, எவ்வளவு மோசம் என்று குறிக்கச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். பின்னாளில் நானும் இதைச் செய்து பார்த்தேன். நம் பெண்களிடம் தேதி கேட்டால் "அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா சிஸ்டர்" என்பார்கள். "சின்னவனுக்கு மொட்டை போட்டதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேளுங்கள், எல்லாம் வரிசையாக வரும். பொங்கலுக்கு ஒன்று, நாத்தனார் வளைகாப்புக்கு மறுநாள் ஒன்று, பள்ளிக்கூடம் திறந்த வாரம் இரண்டு. ஒரு பெண் குறித்து முடித்துவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். ஐப்பசிக்கு மேல் வாரம் தவறாமல் புள்ளி இருந்தது.

கேம்பல் குழுவினர் 11 அமெரிக்க நகரங்களில் செய்த ஆய்வு 2003-ல் வந்தது. கொல்லப்பட்ட பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், இவன் என்னைக் கொல்வான் என்று நினைக்கவே இல்லை. அதனால் "அவர் அந்த அளவுக்குப் போக மாட்டார்" என்று உங்கள் அக்கா சொன்னால் அதை நம்பி உட்கார வேண்டாம். "என்னைக் கொன்னுடுவாரு" என்று ஒரு பெண் சொன்னால் மட்டும் அட்சரம் பிசகாமல் நம்புங்கள்.

அந்த ஆய்வில் வீட்டில் துப்பாக்கி இருந்தால் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் கூடும் என்று வரும். நம் ஊரில் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது? எங்கள் வார்டுக்கு வந்ததெல்லாம் மண்ணெண்ணெய். இந்தியாவில் 2001-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் தீயில் இறந்தவர்கள் 1,63,000-க்கு மேல் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு ஒன்று உண்டு. அதில் ஏறத்தாழ 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலும் 15-லிருந்து 34 வயதுக்குள். எல்லாமே கொலை என்று நான் சொல்லவில்லை. விபத்தும் தற்கொலையும் அதில் சேர்த்தி. ஆனால் ஸ்டவ்வுக்கு மருமகள் யார், மாமியார் யார் என்று எப்படித் தெரிகிறது என்று எங்கள் வார்டில் ஒரு ஆயாம்மா கேட்பார்.

சரி, ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நாள் எழுதாதது.

தொண்ணூறுகளில் ஒரு நைட் டியூட்டி. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். வைகாசி வெக்கையில் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். தொண்டை வலி, எச்சில் முழுங்க முடியவில்லை. பக்கத்தில் புருஷன், கையில் பிளாஸ்க்கோடு, ரொம்ப அனுசரணையாக நின்றான். அவன் நிற்கும்போதே "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு "சளி, சிஸ்டர்" என்றாள். நானும் சளி என்றே எழுதினேன். வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்து அனுப்பினோம். கண்ணின் வெள்ளையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்ததை நான் பார்த்தேன். கழுத்து நெரிபட்டால் அப்படி வரும் என்று பாடத்திலும் படித்திருந்தேன். ராத்திரி மூன்று மணி, வெளியே இன்னும் ஆறு பேர்.

மூன்று வாரம் கழித்து மறுபடி கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை கூட வந்தது போலீஸ். கால் விரலில் கட்டுகிற சீட்டில் பெயர் எழுதியது நான்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பெண் நோயாளியோடு எந்த ஆண் வந்தாலும், "மருந்து வாங்கிட்டு வாங்க, பார்மசி அந்தக் கோடியில இருக்கு" என்று அனுப்பிவிடுவேன். போய் வர கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தில் கேட்டதுதான் நான் தெரிந்துகொண்டதில் முக்கால்வாசி.

உங்கள் அக்காவுக்கு வருகிறேன். மாதக்கணக்கானாலும் பரவாயில்லை, டாக்டரிடம் காட்டுங்கள். விழுங்கும்போது வலி, குரல் மாற்றம், தலைசுற்றல், ஒரு பக்கம் மரத்துப்போவது, பார்வை மங்கல், அன்று தன்னையறியாமல் சிறுநீர் போனது, நடுவில் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே ஞாபகமில்லாதது, எதையும் விடாமல் சொல்லச் சொல்லுங்கள். கழுத்து ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்திருந்தால் நாள் கழித்தும் பக்கவாதம் வரலாம். போன மாதம் அந்த ஒரு வரியை எழுதியது அதனால்தான். "கழுத்து வலி" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். "புருஷன் கையால் நெரித்தார்" என்று அதே வார்த்தையில் சொன்னால், காயத்தோடு வருகிறவர்களைப் பற்றி ஆஸ்பத்திரியில் எழுதும் ஏ.ஆர். புத்தகத்தில் அப்படியே ஏறும். பின்னால் கோர்ட்டில் நிற்பது அந்த எழுத்துதான். இனி ஒருமுறை அப்படி நடந்தால் காயம் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே போகவேண்டும். குடும்ப வன்முறை பற்றி முன்பே அறிக்கை பதிவாகவில்லை என்பதற்காகச் சிகிச்சை தரமாட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகளிலேயே அது இருக்கிறது. மருத்துவ அறிக்கையின் நகலைக் காசு வாங்காமல் தரவேண்டும் என்பதும் அதிலேயே உண்டு.

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள், போதும்.

டிவியைப் போட்டால் கள்ளக்காதலனோடு சேர்ந்து கணவனைக் கொன்ற மனைவி செய்திதான் வருகிறது. நீங்கள் எப்போதும் ஒரு பக்கமாகவே எழுதுகிறீர்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

ஐயா, வணக்கம். அப்படிப்பட்ட கொலைகளும் நடக்கின்றன. அபூர்வமாக நடப்பதால்தான் டிவி அதை ஒரு வாரம் ஓட்டுகிறது.

ஐக்கிய நாடுகள் சபையின் 2023-ஆம் வருஷக் கணக்கைப் பாருங்கள். உலகத்தில் கொலையாகிறவர்களில் நூற்றுக்கு 80 பேர் ஆண்கள்தான். ஆனால் அந்த ஆண்களில் வீட்டு மனிதர்களின் கையால் செத்தவர்கள் நூற்றுக்கு 12 பேர் அளவு. கொலையான பெண்களில் அதே எண் 60. அந்த ஒரு வருஷத்தில் வீட்டு மனிதர்களின் கையால் செத்தவர்கள் சுமார் 51,100 பெண்கள், சிறுமிகள். ஒரு நாளைக்கு 140 பேர். ஆண் தெருவில் சாகிறான், பெண் வீட்டில் சாகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்தில் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கல்யாணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் பாடம் நடத்திய வகுப்பில் முப்பது பெண் பிள்ளைகள் இருந்திருந்தால், கணக்கை நீங்களே போடுங்கள். எனக்குக் கணக்கு கொஞ்சம் வராது.

பிரிந்து போகும்போதுதான் கொலை நடக்கிறது என்கிறார்களே. அப்போ இருந்தே தொலைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இரண்டு பெண் குழந்தைகள். அவர் போனை எடுத்துப் பார்ப்பார், அதனால் இதைத் தோழி வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

தோழி வீட்டிலிருந்து எழுதினீர்கள் பாருங்கள், பாதி வேலையை நீங்களே ஆரம்பித்துவிட்டீர்கள்.

கேள்விப்பட்டது உண்மைதான். கனடா, ஆஸ்திரேலியா, சிகாகோ மூன்று இடத்துக் கொலைப் பதிவுகளையும் மார்கோ வில்சனும் மார்ட்டின் டேலியும் 1993-ல் அலசினார்கள். கூடவே இருக்கும் மனைவியைவிடப் பிரிந்துபோன மனைவிக்குத்தான் ஆபத்து அதிகம். நான் மேலே சொன்ன 2003 ஆய்விலும், எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் ஆளை விட்டுப் பிரிந்த பெண்களுக்குக் கொலை ஆபத்து ஒன்பது மடங்கு வரை போனது. குடி, கோபம் என்று நாம் சொல்லிக்கொண்டாலும் அடியில் ஓடுவது "என்னை விட்டுட்டு நீ எப்படிப் போகலாம்" என்பதுதான்.

இதனால் இருந்துவிடலாம் என்று அர்த்தம் ஆகாது. இருந்தவர்களையும் நான் வார்டில் பார்த்திருக்கிறேன். போவது எப்படி என்பதில்தான் கவனம் வேண்டும். சண்டையின் உச்சத்தில் "நாளைக்குப் போறேன் பாரு" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் போங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தோழி வீட்டுக்கு நகர்த்துங்கள். ஒரே நாளில் பீரோ காலியானால் தெரிந்துவிடும். போனில் லொகேஷன் ஓடுகிறதா, உங்கள் கணக்கு அவர் போனிலும் திறந்திருக்கிறதா என்று தெரிந்த பிள்ளை யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போன பிறகு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை யாரிடம் அனுப்பலாம், யாரிடம் கூடாது என்று எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், போய் ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆனதும் ஒரு போன் வரும். "கடைசியா ஒரே ஒரு தடவை நேர்ல பேசலாம். கோயில்ல பாப்போம். பிள்ளைங்க நகை என்கிட்ட இருக்கு, வந்து வாங்கிக்கோ." போகவே போகாதீர்கள். உங்கள் அப்பாவே "போய் என்னன்னு கேட்டுட்டு வாம்மா" என்றாலும் போகாதீர்கள். இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 'சமாதானம் பேச வந்த இடத்தில்' என்ற வார்த்தைகளை நான் போலீஸ் தாள்களில் படித்த தடவைகளுக்குக் கணக்கில்லை. நகை போனால் போகட்டும். பேசத்தான் வேண்டுமென்றால் வக்கீல் முன்னால், கோர்ட்டில்.

181-க்குப் போன் செய்யுங்கள், பெண்களுக்கான உதவி எண், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். அந்த நிமிடமே ஆபத்து என்றால் 112. மாவட்டத்துக்கு மாவட்டம் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, சில நாள் தங்க இடமும் தருவார்கள். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் மனு போகும். மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணைக்குத் தேதி வைக்கவேண்டும் என்கிறது 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டம். நடைமுறையில் இழுக்கத்தான் செய்கிறது, அதனால் மனுவில் 'உயிருக்கு ஆபத்து, இடைக்கால உத்தரவு வேண்டும்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். அவரைக் கேட்காமலேயே அந்த உத்தரவைப் போடும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு. உங்கள் வேலை இடத்துக்கு வரக்கூடாது, போன் செய்யக்கூடாது என்றும் தடை வாங்கலாம். மீறினால் ஒரு வருஷம் வரை சிறை. வக்கீலுக்குக் காசு இல்லை என்று தயங்க வேண்டாம், 15100-ல் சட்டப் பணிகள் ஆணையம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரவேண்டும்.

போலீசுக்குப் போனால் அவர் வெறி இன்னும் கூடிவிடுமே என்று பயப்படுவீர்கள். எல்லாருக்கும் அந்தப் பயம் உண்டு. 2003 ஆய்வில் என்னை ஆச்சரியப்படுத்தியது இதுதான்: அடித்ததற்காக முன்பு ஒருமுறை கைதான ஆண்களிடம் கொலை ஆபத்து கூடியிருக்கவில்லை, குறைந்திருந்தது. அது அமெரிக்கா, நம் ஸ்டேஷன் வேறு, ஒப்புக்கொள்கிறேன். புகாரை வாங்காமல் "புருஷன் பொண்டாட்டி சண்டை" என்று திருப்பி அனுப்பினால், எழுத்து மூலம் கொடுத்து ரசீது கேளுங்கள்.

என் மகனை விட்டு மருமகள் போய் மூன்று மாதம் ஆகிறது. அவன் சாப்பிடுவதில்லை, வேலைக்குப் போவதில்லை. "அவ வரலைன்னா செத்துடுவேன்" என்கிறான். முன்பு கையோங்கியவன்தான், மறைக்கவில்லை. நீங்கள் ஒரு நல்ல வார்த்தை எழுதினால் மருமகளிடம் காட்டி அழைத்துவருவேன்.
— ஒரு தாய்

அம்மா, மகனைப் பற்றி மறைக்காமல் எழுதியதற்கே உங்களைக் கும்பிடுகிறேன். ஆனால் நீங்கள் கேட்ட வார்த்தையை நான் எழுதமாட்டேன்.

"செத்துப்போவேன்" என்ற மிரட்டல் கேம்பலின் இருபது கேள்விகளில் ஒன்று. தன் உயிரை மதிக்காத ஆளுக்கு அடுத்தவர் உயிர் பெரிதாகத் தெரியாது. மனைவியைக் கொன்றுவிட்டுத் தானும் செத்த ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு. உங்கள் மகன் அப்படிச் செய்வான் என்று சொல்லவில்லை. அடித்த பழக்கம், பிரிவு, வேலைக்குப் போகாதது, சாவுப் பேச்சு, நான்கும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் சேர்ந்திருக்கின்றன. நர்ஸாக என்னால் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

மருமகளை அழைத்துவருவது இதற்கு மருந்து ஆகாது. மகனை இந்த வாரமே மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு உண்டு. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. வீட்டில் பூச்சிமருந்து, அரிவாள் இருந்தால் அக்கம்பக்கத்தில் கொடுத்து வையுங்கள். மகனுக்குத் தெரியாமல் மருமகளுக்கு ஒரு போன் போட்டு, அவன் என்ன பேசுகிறான் என்பதை அப்படியே சொல்லிவிடுங்கள். அவள் ஜாக்கிரதையாக இருக்கட்டும். பெற்றவளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான்.

மாடி வீட்டில் ராத்திரி அடிக்கடி சத்தம், சாமான் விழும் சத்தம். அடுத்தவர் குடும்பத்தில் தலையிடலாமா? எங்கள் வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார்.
— குடித்தனக்காரர், மதுரை

உயிர் போகிற அலறலாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 112. உங்கள் பெயரை வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்களில் காலிங் பெல்லை அடியுங்கள். 2008-ல் வடக்கே 'பெல் பஜாவோ' என்று ஒரு பிரசாரமே நடத்தினார்கள், பெல் அடி என்று அர்த்தம். சத்தம் கேட்டால் போய் பெல் அடித்து, பால் இருக்கிறதா, மணி என்ன என்று ஏதாவது கேட்பது, அவ்வளவுதான். தனியாகப் போகாதீர்கள், அவன் கையில் ஏதாவது இருந்தால் கிட்டேயே போகாதீர்கள். வேண்டாம் என்கிற உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் காலனியில் ஒரு பாட்டி இருந்தார். எதிர் வீட்டில் சத்தம் கேட்டால் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் கதவைத் தட்டி உறைமோர் கேட்பார். ராத்திரி பதினோரு மணிக்கு உறைமோர். அந்த வீட்டுக்காரன் ஒருநாள் எரிச்சலாகி, "தெனமும் எதுக்குப் பாட்டி எங்க வீட்டு உறைமோர்?" என்று கேட்டான்.

"எங்க வீட்டுத் தயிர் தூங்க மாட்டேங்குதுப்பா" என்றார் பாட்டி.